ஓவனுக்குள் மடிக்கணினி

பள்ளியிலிருந்து வந்த கலினாவுக்கு நல்ல பசி. காலையில் மிஞ்சிய ஆப்பிள் பன்னைச் சூடாக்கலாம் என்று ஓவனின் குமிழைத் திருகினாள். பிறகுதான், உள்ளே ஏதாவது தட்டு இருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தாள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உள்ளே தட்டு இல்லை. அப்பாவின் மடிக்கணினி இருந்தது.

சட்டென்று குமிழை அணைத்துவிட்டு, துணியால் பிடித்து அதை வெளியே இழுத்தாள். "அப்பா, சீக்கிரம் வா. லேப்டாப் வேகுது."

தோட்டத்திலிருந்து அப்பா ஸெனோன் ஆப்பிள் கூடையோடு ஓடி வந்தார். மடிக்கணினியைத் தொட்டுப் பார்த்தார். நல்லவேளை, லேசான சூடுதான்.

"இது எப்படி ஓவனுக்குள்ள போச்சு?" என்று கேட்டாள் கலினா.

"நான்தான் வச்சேன்."

"நீயா? எதுக்கு?"

அப்பா கூடையைக் கீழே வைத்தார். "மேசைமேல இருந்தா என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு. அலமாரியில வச்சேன், அங்கேயிருந்தும் பார்த்துச்சு."



அவர்கள் ஊர் போலந்தில், குரூயெட்ஸ் பக்கம். எந்தத் திசையில் நடந்தாலும் ஆப்பிள் தோட்டத்தில்தான் போய் முட்ட வேண்டும். அப்பா பல வருடம் ஊர் பேக்கரியில் வேலை செய்தவர். அவர் செய்யும் ஷார்லோத்காவுக்காக, அதாவது ஆப்பிள் கேக்குக்காக, வார்சா நகரத்திலிருந்தே ஆட்கள் வருவார்கள். அப்படி வந்து சாப்பிட்ட ஒரு பதிப்பக ஆசிரியர், "உங்களுக்குப் பிடிச்ச ஆப்பிள் பலகாரங்களை எல்லாம் ஒரு புத்தகமா எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். அப்பா பேக்கரி வேலையை விட்டுவிட்டு, வசந்த காலத்திலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறார்.

எழுதுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா யாத்விகா வார்சாவுக்குப் போகும் பேருந்தின் ஓட்டுநர். தினமும் வேலை முடிந்து வந்து, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார். "பாதி தாண்டியாச்சு" என்பார் அப்பா. கலினாவும் வகுப்பில் எல்லாரிடமும் அதைச் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது அவள் மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். மேலே புத்தகத்தின் பெயர். அதன் கீழே அப்பாவின் பெயர். அதற்கும் கீழே வெள்ளையாக ஒன்றுமில்லை. கீழே கீழே நகர்த்திப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை.

"மீதி எங்கப்பா?"

"இன்னும் வரலை."

"பாதி தாண்டிட்டேன்னு சொன்னியே."

"மனசுக்குள்ள தாண்டிட்டேன்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

இத்தனை மாதமும் அப்பா என்னதான் செய்தார்? யோசித்தால் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வேலிக்குப் பச்சை வண்ணம் அடித்தார். அது பிடிக்கவில்லை என்று நீலம் அடித்தார். மசாலாப் புட்டிகளை நிறவாரியாக அடுக்கினார். நாயைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி, இப்போதெல்லாம் அது அப்பாவைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. போதாததற்குத் தினமும் சோதனைக்கு என்று ஒரு கேக். பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்பெல்லாம் வேலியோரம் நின்று பேசுவார்கள். இப்போது இன்னொரு துண்டைக் கையில் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து, குனிந்தபடியே போகிறார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பேசியது பதிப்பக ஆசிரியர் திருமதி போகுமிலா. பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எழுதியதைப் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

"வாங்க, வாங்க. எல்லாம் தயாரா இருக்கு" என்றார் அப்பா.

கலினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் தயாரா? எதுப்பா தயாரா இருக்கு?"

அப்பாவின் முகம் மைதா மாவு போல வெளுத்திருந்தது. "வாய் தானா சொல்லிடுச்சு. கலினா, அவங்க வந்தா எனக்குக் கடுமையான காய்ச்சல்னு சொல்லிடறியா?"

"மாட்டேன். நான் பொய் சொன்னா என் காது சிவந்துடும். அதைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க."

மடிக்கணினியை மேசையில் வைத்து அப்பாவை உட்காரவைத்தாள். உட்கார்ந்த வேகத்தில் அவர் எழுந்தார்.

"எங்கே போறே?"

"பென்சில் சீவிக்கிறேன்."

"லேப்டாப்ல எழுத எதுக்குப் பென்சில்?"

அப்பா திரும்ப உட்கார்ந்தார். ஜன்னல் கண்ணாடியில் கறை இருக்கிறது என்று மறுபடி எழுந்தார். கலினாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கறையே இல்லாத கண்ணாடியை அவர் தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்ததும், கத்தத் தோன்றவில்லை.

"பயமா இருக்காப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்பா துடைத்த துணியைக் கீழே வைத்தார். "பேக்கரியில நான் ஒண்ணு சொன்னா எதிரில நின்னு ஒருத்தர் செய்வாங்க. தப்பா செஞ்சா கையைப் பிடிச்சுத் திருத்துவேன். இங்க எதிரில யாரு இருக்கா? யாருக்குச் சொல்றேன்னே தெரியலை. அதான் நாளைக்கு, நாளைக்குன்னு ஓடிப்போச்சு."

கலினா யோசித்தாள். பிறகு அம்மாவின் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"சரி, நான் ஷார்லோத்கா செய்யப்போறேன்."

இப்போது அதிர்ந்தது அப்பா. கலினாவுக்கு முட்டை வேகவைக்கக்கூட வராது. போன மாதம் தண்ணீரையே அடிப்பிடிக்க வைத்தவள் அவள்.

"நீ எழுந்திரிக்கவே கூடாது. அங்கேயிருந்து சொல்லு. நான் செய்யறேன்" என்றாள்.

"முதல்ல ஆப்பிளைத் தோல் சீவு. அது இல்லை, புளிப்பு ஆப்பிள். துருவி, சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு வதக்கு. தண்ணி சுண்டணும். கலினா, அது மிளகாய்த்தூள்."

கலினா புட்டியை மாற்றினாள். மைதாவையும் குளிர்ந்த வெண்ணெயையும் மஞ்சள் கருவையும் சேர்த்தாள். வெள்ளைக் கருவைத் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அதை நுரையாக்க மிக்சர் இயந்திரத்தைப் போட்டாள்.

அது பழைய மிக்சர். ஓடினால் சமையலறைக்குள் டிராக்டர் வந்தது போல இருக்கும்.

அப்பா ஏதோ சொன்னார்.

"என்ன?" என்று கத்தினாள் கலினா.

அப்பா இரண்டு கையையும் ஆட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரை போடச் சொல்கிறார் போலும் என்று வெள்ளைப் புட்டியை எடுத்தாள். அப்பாவின் கண்கள் பிதுங்கின. சட்டென்று மடிக்கணினியில் எதையோ தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

'அது உப்பு. இடது பக்கம் இருப்பதுதான் சர்க்கரை. கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழக்கூடாது.'

கலினா படித்தாள். அப்படியே செய்தாள். அடுத்து என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். அப்பா மறுபடி தட்டினார்.

'மாவை இவ்வளவு நேரம் பிசையாதே. அது பூனைக்குட்டி இல்லை, தடவிக்கொண்டே இருக்க. பாதியைத் தட்டில் பரப்பு. மேலே ரவை தூவு. அப்போதுதான் ஆப்பிள் சாறு இறங்கி அடி சொதசொதக்காது.'

கலினாவுக்குள் ஏதோ பளிச்சென்றது. நுரையை எடுத்துவிட்டு, மிக்சரை வெறும் கிண்ணத்தில் ஓடவிட்டாள். அது உறுமிக்கொண்டே இருந்தது. அவள் சைகையால் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா தட்டிக்கொண்டே இருந்தார். ஆப்பிளுக்கு மேல் நுரையை எப்படிப் பரப்புவது, மீதி மாவை மேலே எப்படித் துருவுவது, ஓவனை எவ்வளவு சூடாக்குவது, வெந்துவிட்டதை மூக்கால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாம் திரையில் வந்தது.

கேக் ஓவனுக்குள் போனதும் மிக்சரை நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியானது.

"ஏன் நிறுத்திட்டே? இன்னும் ஆறவைக்கிறதைப் பத்திச் சொல்லலையே" என்றார் அப்பா. பிறகு திரையைப் பார்த்தார். மேலே நகர்த்தினார். இன்னும் மேலே நகர்த்தினார்.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"இங்க நாம ரெண்டு பேர்தான்ப்பா இருக்கோம். நான் எழுதலை."

அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

கேக்கை வெளியே எடுத்த சமயம் வாசல் மணி அடித்தது. உள்ளே வந்த திருமதி போகுமிலா, தலைமுடி வரை மாவு படிந்திருந்த கலினாவைப் பார்த்துத் திகைத்தார். அப்பா அவரை உட்காரக்கூட விடவில்லை.

"எல்லாம் தயார்னு போன்ல சொன்னது பொய்ங்க. ஒண்ணுதான் எழுதியிருக்கேன். அதுவும் இப்பத்தான்."

திருமதி போகுமிலாவின் கைப்பை நழுவி விழுந்தது. "வசந்த காலத்திலிருந்து ஒண்ணே ஒண்ணா?"

கலினா ஒரு தட்டில் சூடான துண்டை வைத்து அவரிடம் நீட்டினாள். மடிக்கணினியையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். படித்தார். பூனைக்குட்டி வந்த இடத்தில் தும்மினாற்போலச் சிரித்துவிட்டார்.

"இதை யார் செஞ்சது?"

"நான்தான். இதுக்கு முன்னாடி எதுவுமே செஞ்சதில்லை."

அவர் தட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் எழுத வேண்டாம், இந்தப் பொண்ணுக்கே எழுதுங்க. வாரம் ஒண்ணு எனக்கு வந்தாகணும். வரலைன்னா புத்தகத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன். எனக்கும் வேற வழியில்லை."

"சரிங்க" என்றார் அப்பா.

திருமதி போகுமிலா கிளம்பியபின் அம்மா வந்தார். கூரையில் ஒட்டியிருந்த முட்டை நுரையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா நடந்ததை எல்லாம் தானே சொன்னார்.

"அப்போ பாதி தாண்டினது?" என்று கேட்டார் அம்மா.

"இப்பத்தான் கிளம்பியிருக்கோம்மா" என்றாள் கலினா.

"என் பஸ் இவ்வளவு தாமதமா கிளம்பினா, பயணிகள் என்னைச் சும்மா விடுவாங்களா?" அம்மா அப்பாவை முறைத்தார். ஆனாலும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்றும் எடுத்தார்.

அப்பா கலினாவிடம் திரும்பினார். "அடுத்தது என்ன செய்யறே?"

"வால்நட்டும் தேனும் அடைச்ச சுட்ட ஆப்பிள். எப்படிச் செய்யறதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. நாளைக்குச் செய்யலாமா?"

அப்பா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு எதுக்கு? போய் ஆப்பிளைக் கழுவு."