பின்கட்டுப் போன்

தோடி ஆலாபனை ஏழாவது நிமிடத்தில் நின்றது.

வெறுமனே நின்றிருந்தால் நாகநாதன் கவலைப்பட்டிருக்க மாட்டார். தொலைபேசிக் கம்பி வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்து சேரும் நாகஸ்வரம் பாதியில் நிற்பதும், திரையின் அடியில் 'பஃபரிங்' என்று எழுத்து மினுங்குவதும், நூறு சதவீதம் நிரம்பியதும் வித்வான் ஒன்றுமே நடக்காதவர் போல விட்ட இடத்திலிருந்து ஊதுவதும் அவருக்குப் பழகிப்போன விஷயம். இது வேறு மாதிரி நின்றது. ஸ்பீக்கரில் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு மோடத்தின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தொடர்பு அறுந்துவிட்டதென்று கணினி அறிவித்தது. வீட்டில் அதே லைனில் இருக்கும் இன்னொரு போனை யாராவது கையில் எடுத்தால்தான் இப்படி ஆகும்.

அந்த இன்னொரு போன் பின்கட்டில் அடுப்படி வாசலில் இருந்தது. அதை எடுத்துப் பேசிக்கொண்டிருந்த அக்கா சீதை ஆச்சி இறந்து நாற்பத்தொன்பது நாளாகிறது. போனையும் நாகநாதன் பதினேழாம் நாளே கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வைகாசி வெயில் நடுக்கட்டு வளவின் முற்றத்தில் கொட்டிக்கிடந்தது. சூடேறிய ஓட்டின் வாசனையும், பங்காளிகள் பூட்டிவிட்டுப் போன அறைகளின் கதவிடுக்கு வழியே கசியும் வௌவால் புழுக்கை வாசனையும், எங்கிருந்தோ லேசாகத் தைல வாசனையும் கலந்து வந்தன. தைலம் தேய்த்துக்கொள்கிறவர்கள் இப்போது அந்த வீட்டில் யாரும் இல்லை.

நாகநாதனுக்கு வயது நாற்பத்தாறு. காரைக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறார். மாணவர்கள் விடும் கொட்டாவியின் சுருதியைக் கேட்டே எந்த வரிசை என்று சொல்லிவிடும் அளவுக்குக் காது. கல்யாணம் ஆகவில்லை. ஊர்க் கோயில் வரிக் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணமே ஆகாதவன் பட்டியலிலேயே கிடையாது. ஆக, நேமத்தான்பட்டியில் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகக் கிடக்கிற அந்த வீட்டில், அக்காளும் தம்பியும் சேர்ந்து அரைப்புள்ளியாகத்தான் வாழ்ந்தார்கள். தம்பி முகப்பில், கணினியோடு. அக்காள் பின்கட்டில், அடுப்போடும் இளைப்போடும். அடுப்படியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் முகப்புக்குக் கேட்காது. அதனால்தான் அங்கே ஒரு பேரலல் போன்.

அதனால்தான் சண்டையும்.

"ஆச்சி, நான் பாட்டுக் கேக்கும்போது போன எடுக்காதீகன்னு எத்தன தடவ சொல்றது? முக்கா மணி நேரமா எறக்குனது அத்தனையும் போச்சு."

"ஏன்டா, போன்னா பேசறதுக்கா, நாயனம் ஊதறதுக்கா? ஞாயித்துக்கெழம ஒருநாத்தான் எம்மக ஜனனி வீட்ல இருப்பா. அவகிட்ட ரெண்டு வார்த்த பேச விட மாட்டேங்குற. ஒன் நாயனக்காரன் எங்க போயிருவான்? செத்தவன்தான, காத்திருப்பான்."

செத்தவர்தான். அறுபது வருடத்துக்கு முந்தைய இசைத்தட்டு. வெளிநாட்டில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் அதைத் துடைத்து, கணினியில் ஏற்றி வைத்திருந்தது. கேட்க இரண்டு வழி. குறைந்த தரம் என்றால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நாகஸ்வரம் தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போலக் கேட்கும். உயர்ந்த தரம் என்றால் நின்று நின்று வந்து சேர ஒன்றரை மணி நேரம். ஆனால் வித்வான் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழும். நாகநாதன் பழைய கதவுப் பலகையை அறுத்து, பர்மா தேக்கில் சொந்தமாக ஸ்பீக்கர் செய்த மனிதர். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் கோபத்தில் ஒரு காரியம் செய்தார். பின்கட்டுக்குப் போகும் கம்பியில், தம் மேசைக்கு அடியில், ஒரு சின்ன சுவிட்ச் வைத்தார். அணைத்தால் பின்கட்டுப் போன் செத்துவிடும். பாட்டு முடிந்ததும் போட்டுவிடலாம். இதைப் பாடத்திலேயே சேர்க்கலாமே என்று தமக்குத் தாமே முதுகில் தட்டிக்கொண்டார். ஆச்சியிடம் சொல்லவில்லை.

பங்குனிக் கடைசி ஞாயிறு மூன்று மணிக்கு ஆச்சிக்கு இளைப்பு வந்தது. அப்போது நாகநாதன் தோடியில் இருந்தார். நாலரைக்கு வரவேண்டிய காப்பி ஐந்தாகியும் வரவில்லையே என்று சலித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். ஆச்சி அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ரிசீவர். சுவரில் தொங்கிய காலண்டரில் டாக்டர் நம்பர் எழுதியிருந்த இடத்தில் நகம் கீறிக் காகிதம் கிழிந்திருந்தது.

அவர் முதலில் அழவில்லை. முகப்புக்கு நடந்து வந்தார். சுவிட்சைப் போட்டார். திரும்பப் போய் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார். காலண்டர் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகுதான் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

சென்னையிலிருந்து வந்த ஜனனி அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "அம்மான், ஆத்தா யாருக்கும் போன் பண்ணிப் பாக்கலையா?"

"தூக்கத்துலயே போயிட்டாக ஜனனி. ஒரு கஷ்டமும் படல."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஜனனி கூப்பிடுகிறாள். சாப்பிட்டீகளா என்பாள், வெயில் எப்படி என்பாள், கடைசியில் அதே கேள்விக்கு வருவாள். அவரும் அதே பதிலைச் சொல்வார். உலகத்தில் அவரை 'அம்மான்' என்று கூப்பிட இருப்பது அவள் ஒருத்திதான். உண்மை தெரிந்தால் அந்த ஒருத்தியும் இல்லை.

தோடி அறுந்த மறுநாள், திங்கட்கிழமை, லைன் பார்க்க கருத்தையா வந்தான். சிவகங்கைப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஆள். முகப்புப் போனைச் சோதித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"லைன் சுத்தமாத்தான் சார் இருக்கு. ஆனா டெஸ்ட் போட்டா ரெண்டு செட்டு காட்டுதே. பின்னால ஒண்ணு வச்சிருக்கீகளா?"

"கழட்டியாச்சுப்பா."

"அங்குட்டு ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

போனவன் சீக்கிரமே திரும்பிவிட்டான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நீங்க சொன்னது சரிதான் சார். செட்டு இல்ல, ஒயருதான் தொங்குது." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "லைன அப்பறம் பாத்துக்கலாம் சார். அடுப்படியில அந்த அம்மா இப்படி இளைக்கிறாகளே, மொதல்ல அவுகள டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

நாகநாதன் பின்கட்டுக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுவதும் ஓட்டலில் சாப்பிட்டார். பின்கட்டுக் கதவைச் சாத்தி, அதன் மேல் ஒரு நாற்காலியைச் சாய்த்து வைத்தார். பௌதிகம் படித்தவர் நாற்காலியை நம்புவது கொஞ்சம் கேவலம்தான், அவருக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பாட்டே வேண்டாம் என்றுதான் இருந்தார். ஆனால் மூன்று மணி நெருங்க நெருங்க, அந்த நீள வீட்டின் நிசப்தம் பின்கட்டிலிருந்து அலையலையாக முகப்பை நோக்கி வருவது போலிருந்தது. முற்றத்துப் புறாக்கள் திடீரென்று மொத்தமாக எழுந்து போயின. தைல வாசனை மேசை வரைக்கும் வந்துவிட்டது. ஏதாவது சத்தம் வேண்டும், எந்தச் சத்தமானாலும் சரி என்று மோடத்தைப் போட்டார். இந்த முறை குறைந்த தரத்தையே தேர்ந்தெடுத்தார். வண்டாகவே கேட்கட்டும். அதுதான் தமக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டார். தண்டனையைத் தாமே குறைத்து எழுதிக்கொள்ளலாம் என்று அதுவரை நம்பியிருந்தார்.

நாகஸ்வரம் வந்தது. வண்டாக இல்லை. இதுவரை அந்தத் தேக்குப் பெட்டிகள் தந்திராத துல்லியத்தில் வந்தது. சீவாளி நாணலின் ஈரம் தெரிந்தது, வித்வான் மூச்சை உள்ளே இழுப்பது தெரிந்தது. அந்த மூச்சு சரியில்லை. உள்ளே போகும்போது விசில் போல ஒரு கீச்சு. நெஞ்சில் சளி கட்டிய கீச்சு. முப்பது வருடமாக அவர் காதுக்குப் பழகிய கீச்சு.

பாட்டு நின்றது. பஃபரிங், ஒரு சதவீதம்.

நாகநாதன் பெருமூச்சு விட நினைத்தார். மூச்சு வரவில்லை. நெஞ்சு தூக்கிய இடத்திலேயே நின்றது. நாலு சதவீதம். ஒன்பது. வாயைத் திறந்தார்; காற்று உதட்டுக்கு வெளியே இருந்தது, உள்ளே வரவில்லை. நாற்பது. எழுபது. காதுக்குள் ரத்தம் இடித்தது. நூறு.

பாட்டு எழுந்தது. மூச்சும் வந்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டார். ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்றுதான் வகுப்பில் சொல்வார்.

மறுபடி நின்றது. மறுபடி மூச்சு நின்றது. இந்தத் தடவை மெதுவாக நிரம்பியது. ஆறு. ஏழு. ஏழிலேயே நின்றது. அவர் மேசைக்கு அடியில் விழுந்தார். சுவிட்சைப் பிடுங்கினார். மோடத்தின் கம்பியைப் பிடுங்கினார். சுவரிலிருந்து மின்சாரத்தைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. எண் மட்டும் நின்றது.

எட்டு.

நாற்காலி நகரும் சத்தம். பின்கட்டுக் கதவு. யாரும் தள்ளவில்லை. யாரோ ஒதுக்கி வைத்தார்கள், நிதானமாக, வீட்டுக்காரி ஒதுக்கி வைப்பது போல.

ஐம்பது. தொண்ணூறு. நூறு. காற்று.

போன் அடித்தது.

முகப்புப் போன். மூன்றாவது மணிக்கு எட்டிப் பிடித்தார். சென்னை.

"அம்மான்? என்ன இப்படி எரைக்குது? ஒடம்பு சரியில்லையா?"

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அவளை இழந்தாலும் பரவாயில்லை. மூச்சு முக்கியம். அப்படி நினைத்ததற்கு அந்த நிலையிலும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"ஜனனி, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஆத்தா…"

நின்றது. நெஞ்சு நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. உதடுகள் தாமாக ஒருமுறை ஒன்றையொன்று ஈரப்படுத்திக்கொண்டன.

"ஜனனி" என்றது அவர் வாய்.

அவர் குரல் இல்லை.

அந்தப் பக்கம், மிக மெல்ல: "…ஆத்தா?"

"நாந்தான். இப்பத்தான் லைன் கெடச்சுச்சு."

நாகநாதன் ரிசீவரைக் கீழே போட முயன்றார். விரல்கள் விரியவில்லை.

"ஒங்க அம்மான் கம்பிய அணைச்சு வச்சிருந்தான், ஜனனி. நாயனம் கேக்கறதுக்கு. நான் எடுத்து எடுத்துப் பாத்தேன். சத்தமே இல்ல. டாக்டருக்கு அடிச்சேன், ஒனக்கு அடிச்சேன். ஒன் நம்பர மட்டும் பதினோரு தடவ அடிச்சேன்."

ஜனனி அழுதாள். சத்தமாக, குழந்தை போல. அவர் அந்த அழுகையைக் கேட்டார். கண்ணோரத்தில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு.

அழுகை நின்றது. அவள் மூக்கை உறிஞ்சினாள். பேசியபோது குரலில் ஈரமே இல்லை.

"அம்மான் எங்க இருக்காக?"

"இங்கனதான் இருக்கான். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

"அவுக பேச முடியாதா?"

"ஒரு லைன்ல ஒருத்தர்தான பேச முடியும்."

"நான் வச்சுட்டா?"

"அவனுக்கு மூச்சு வந்துரும்."

சென்னையில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. ஜனனி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"வைக்கல ஆத்தா. நீங்க பேசுங்க. அன்னைக்கு நடந்தது எல்லாத்தையும் சொல்லுங்க. மொதல்லருந்து, ஒண்ணுவிடாம."

"சொல்றேன். அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே எனக்கு முழிப்பு வந்துருச்சு. அரிசி ஊற வச்சேன். அப்பறம் கெணத்தடிக்குப் போனேன்…"

விடியலிலிருந்து மூன்று மணிக்கு எவ்வளவு தூரம் என்று நாகநாதன் நினைத்துப் பார்த்தார். எதிரே கறுத்த திரையில் ஒரு முகம் தெரிந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. கன்னம் நாவற்பழமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த முகத்தின் நடுவே உதடுகள் மட்டும், ஒரு சொல்லும் விக்காமல், ஒரு இடத்திலும் நிற்காமல், சாவகாசமாக அசைந்துகொண்டிருந்தன.