அப்பாடாவின் சொந்தக்காரர்

"என் வேலை போகப்போகுது சார். சாயங்காலத்துக்குள்ள நான் குற்றவாளி இல்லன்னு நிரூபிக்கணுமாம்" என்றபடி உள்ளே வந்தார் உச்சரிப்பு டீச்சர்.

நிதானம் என்று எல்லோரும் அழைக்கும் துப்பறிவாளர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். உதவியாளனான அவருடைய மச்சான், யாரும் கேட்காமலே பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டான்.

டீச்சர் வேலை பார்ப்பது ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில். கடினமான வார்த்தைகளுக்கு உச்சரிப்பும் அர்த்தமும் சொல்வதுதான் இறுதித் தேர்வு. வார்த்தைகளை டீச்சர் தேர்ந்தெடுத்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்; தேர்வில் அவற்றைக் கேட்பவர் ஓனர். சாதாரண 'வாட்டர்' என்ற சொல்லுக்கே தண்ணீர் குடிக்கும் மாணவர்கள், இந்த முறை ஒருவர் விடாமல் பிளந்து கட்டிவிட்டார்கள்.

"நான்தான் முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டேன்னு ஓனர் நம்பறார்."

"உறை எங்க இருந்துச்சு?"

"அவர் ரூம் பீரோவுல. சாவி அவர்கிட்ட."

"பீரோவ உடைச்சிருக்காங்க மாமா!" மச்சான் துள்ளினான்.

"மாப்ளே, முதல்ல செருப்பப் போடு."

ஓனர் அவர்களை வாசலிலேயே வரவேற்றார். "நடந்தது ரொம்ப..." தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்ஃபார்ச்சுனேட்" என்றார். பிறகு மூட்டை இறக்கியவரைப் போலப் பெருமூச்சு விட்டார்.

பீரோவில் கீறல்கூட இல்லை. "என் ரூமுக்கு யாரும் வரமாட்டாங்க. வகுப்புக்கு முன்னாடி கதவச் சாத்திக்கிட்டு நிர்வாகம் பண்ணுவேன்" என்றார் ஓனர்.

வெளியே, மாணவர்கள் காத்திருக்கும் நீளமான பெஞ்ச். அதன் ஒரு முனை மட்டும் தேய்ந்து பளபளத்தது. அதற்கு நேர் மேலே ஓனர் அறையின் வெண்டிலேட்டர். மச்சான் பூதக்கண்ணாடியோடு பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, மென்று துப்பிய சூயிங்கத்தைக் கைப்பற்றினான்.

துப்பறிவாளர் மாணவர்களை அழைத்து, தேர்வில் வந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னார். முதலில் வந்தவர் தையற்காரர்.

"க்கும். இடியோசின்க்ரஸி. ஒருத்தருக்கே உரிய விசித்திரப் பழக்கம். அப்பாடா."

அடுத்து மருந்துக்கடைப் பெண்.

"க்கும். யுபிக்விடஸ். எங்க பாத்தாலும் இருக்கறது. அப்பாடா."

"ரகசியக் கூட்டம் மாமா! க்கும்னா ஆரம்பம், அப்பாடான்னா முடிவு!" மச்சான் காதில் கத்தினான்.

"டீச்சர், தேர்வுல இல்லாத வார்த்தை ஒண்ணு குடுங்க."

"ஃபாஸ்டிடியஸ்."

தையற்காரரின் நாக்கு முடிச்சு விழுந்தது. செருமலும் இல்லை, அப்பாடாவும் இல்லை.

துப்பறிவாளர் எல்லோரையும் வகுப்பறையில் உட்காரவைத்தார்.

"இந்த அப்பாடாவ நீங்க சொல்லிக் குடுத்தீங்களா டீச்சர்?"

"நான் ஏன் சார் அதச் சொல்லப்போறேன்?"

"இங்க பாடம் எப்படி? கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லணும். இவங்க தங்கமான மாணவர்கள். கேட்டதுல ஒரு மூச்சக்கூட விடல. தேர்வு வார்த்தைக்கு மட்டும் செருமல், பெருமூச்சு ரெண்டும் வருது. அப்போ அந்த வார்த்தைகள அவங்க டீச்சர்கிட்ட கத்துக்கல. செருமிட்டு ஆரம்பிச்சு, பெருமூச்சு விட்டு முடிக்கிற ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டாங்க, வெண்டிலேட்டர் வழியா. வாசல்ல அன்ஃபார்ச்சுனேட்னு ஒருத்தர் சொன்னாரே, அதே மாதிரி."

எல்லோரும் ஓனரைப் பார்த்தார்கள். ஓனர் மின்விசிறியைப் பார்த்தார்.

"உறையப் பிரிச்சு வார்த்தைய ஃபோன்ல போடுவேன். அது உச்சரிப்பும் அர்த்தமும் சொல்லும், நான் திருப்பிச் சொல்லிப் பாப்பேன்" என்றார் கடைசியில். "தேர்வுல தப்பாக் கேட்டா டீச்சர் முன்னாடி மானம் போயிடுமே. இங்கிலீஷ் நான் முறையாப் படிச்சதே இல்ல."

"நீங்க யாரையோ திட்றீங்கன்னு நெனச்சோம் சார்" என்றாள் மருந்துக்கடைப் பெண். "திட்டுக்கு அர்த்தமும் சொல்றீங்களேன்னு தினமும் ஆசையா வந்து கேட்டோம். தேர்வுல அதே வார்த்தைங்க வந்தப்போதான் புரிஞ்சுது. அத உங்ககிட்டயே வந்து எப்படிச் சொல்றது?"

"என்னை மன்னிச்சிடுங்க டீச்சர். வேலைய விட்டுடாதீங்க" என்று ஓனர் கும்பிட்டார்.

"விடல. ஆனா நாளையிலிருந்து கதவச் சாத்தாம, முதல் பெஞ்சுல வந்து உக்காருங்க."

"நாளைக்கு எதுக்கு?" என்று அவர் உடனே முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். "அப்பாடா, என் வேலை பொழச்சுது!"

பழக்க தோஷம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது: "அப்பாடா, என் வேலை பொழச்சுது!"

முதல் பெஞ்சிலிருந்து மட்டும் அதற்கு முன்னால் ஒரு "க்கும்" கேட்டது.