அறுபட்ட கயிறும் அவிழாத முடிச்சும்

நண்பகல் தொழுகைக்கு முன் ஃபரஜைத் தூக்கிலிட வேண்டும் என்பது உத்தரவு. அவன் மனைவி ருஹைமா காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து லல்லா நுஸ்ஹாவின் முன் விழுந்தாள்.

லல்லா நுஸ்ஹா அந்தத் துறைமுகத்தின் அரசி. கிரனாடாவிலிருந்து துரத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய பதினொரு கொள்ளைக் கப்பல்களின் பெயரைக் கேட்டாலே பறங்கியர் பாயை இறக்கிவிடுவார்கள். ஆனால் சென்ற மாதம் இரண்டு கப்பல்கள் புறப்படும் நாளை யாரோ அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அறுபது பேர் திரும்பவில்லை. அதனால்தான் அன்று காலை பண்டகசாலையில் இருந்த மாலுமிகளின் பெட்டிகளைச் சோதித்தார்கள். ஃபரஜின் பெட்டியில் பறங்கியருக்கு எழுதிய கடிதம் இருந்தது.

“அவருக்குத் தன் பேரைக்கூட எழுதத் தெரியாது, லல்லா!”

“எழுதிக் கொடுக்க ஆளா கிடைக்காது?” என்றான் கப்பல் தலைவன் ஸய்தூன். எதற்கும் முந்திக்கொள்வது அவன் சுபாவம்.

“நீ சும்மா இரு. ருஹைமா, அவன் எப்ப கரைக்கு வந்தான்?”

“நேத்து சாயங்காலம். புயல்ல படகு கவுந்து, பெட்டியைப் பிடிச்சுக்கிட்டே நீந்தி வந்தார். அதை அப்படியே பண்டகசாலையில போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டார்.”

பெட்டி வந்தது. கூடவே பண்டகசாலைக் காவலன் ஹம்முவும் வந்தான். இரண்டு வருடம் முன்புவரை மலையில் கோவேறு கழுதை ஓட்டியவன் அவன்.

“நான் பெட்டியைத் தொடவே இல்ல, லல்லா. சோதனை நேரத்துல, எல்லார் முன்னாடியும் கயித்தை அறுத்துத்தான் திறந்தேன்.”

நுஸ்ஹா பெட்டிக்குள்ளிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. பிறகு கடிதத்தைப் பிரித்தாள். ஓரத்தில் மட்டும் லேசான ஈரம். ஓர் எழுத்துகூடக் கலையவில்லை.

“ஸய்தூன், ராத்திரி முழுக்க இந்தத் துணிக்குள்ள கிடந்த காகிதம் எப்படி இருக்கணும்?”

“கூழாயிருக்கணும்... அட! அப்ப இதை இன்னைக்குக் காலையிலதான் யாரோ வச்சிருக்காங்க!”

“வச்சவன் திரும்பக் கட்டியும் இருக்கான். கயிறுதான் அறுந்திருக்கு, முடிச்சு அப்படியே இருக்கு. நீயே பாரு.”

ஸய்தூன் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மாலுமி எவனும் இப்படிப் போடமாட்டான். நனைஞ்சா இறுகிடும், அவிழ்க்கவே வராது. இது கழுதை மேல பொதி கட்டுற முடிச்சு.”

எல்லோரும் ஹம்முவைப் பார்த்தார்கள்.

“என் தம்பி பறங்கியர்கிட்ட கைதி, லல்லா. விட்டுடறோம்னு சொன்னாங்க. இன்னைக்குச் சோதனைன்னதும் பயந்துபோய், கையில இருந்த கடிதத்தை...”

“என்கிட்ட வந்திருக்கலாமே ஹம்மு” என்றாள் நுஸ்ஹா. “அந்த அறுபது பேருக்கும் அண்ணன் தம்பி இருந்தாங்க.” அவனைக் கொண்டுபோனார்கள்.

ருஹைமா அரசியின் காலைத் தொடக் குனிந்தாள். நுஸ்ஹா அவள் தோளைப் பிடித்துத் தடுத்தாள்.

“நன்றி சொல்ல வேண்டியவ நான். அந்தக் கடிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காம உத்தரவுல முத்திரை வச்சேன். நீ வீட்டுல உக்காந்து அழுதிருந்தா, ஒரு நல்லவனைக் கொன்னுட்டுத் தொழப் போயிருப்பேன்.”

விலங்கு கழற்றப்பட்ட ஃபரஜ் வாசலில் வந்து நின்றான். உள்ளே நடப்பது அவனுக்கு விளங்கவில்லை. பறங்கித் தூதர்கள் வந்தபோதும் இருக்கையை விட்டு எழாத லல்லா நுஸ்ஹா, எழுந்து நின்று, அவன் மனைவியின் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.