பெட்டியில் எழுதாத எடை

"நாற்பத்து நாலு!"

கடைக்குள்ளிருந்து குரல் கேட்டதும் ஈல்வா ஓட்டத்தைக் கூட்டினாள். அம்மாவின் கையில் இருக்கும் சீட்டு நாற்பத்தேழு. இடையில் இன்னும் இரண்டே பேர். அதற்குள் கார் நிற்கும் இடத்துக்குப் போய், பின்பக்கக் கதவைத் திறந்து, மீன்பிடிச் சாமான்களுக்கு நடுவே கிடக்கும் ஸ்பிரிங் தராசை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

மார்ச் மாதக் கடைசி. பாதி உருகிய பனியும் சேறுமாக இருந்த முற்றத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். முழங்காலைப் பார்க்கக்கூட நேரமில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பெட்டி.

கடையில் அன்று ரம்பங்களைச் சோதித்துப் பார்க்கும் நாள். முற்றத்தில் நீளமான ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களைக் கிளையோடு கிடத்தியிருந்தார்கள். விருப்பப்பட்டவர்கள் தலைக்கவசமும் வெட்டு தாங்கும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, சங்கிலி ரம்பத்தை எடுத்துக் கிளை கழித்துப் பார்க்கலாம். ஓரமாகக் காப்பி, இறைச்சி அடைத்துச் சுட்ட சாஸேஜ். அந்த வாசனைக்கே பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

அம்மா மாலின் வந்தது சாஸேஜுக்காக இல்லை. ஜனவரிப் புயலில் அவர்கள் காட்டில் எண்பது மரங்கள் சாய்ந்துவிட்டன. கோடை வருவதற்குள் அவற்றின் கிளைகளைக் கழித்து வெளியே எடுத்தாக வேண்டும். விட்டால் பட்டை வண்டுகள் குடியேறி, நிற்கிற மரங்களையும் தின்றுவிடும். அம்மாவின் பழைய ரம்பம் ஏழு கிலோ. அதைத் தூக்க அம்மாவால் முடியாது.

ஏன் முடியாது என்பது ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். அம்மாவுக்கும் ஈல்வாவுக்கும்.

பனிக்காலத்தில் அம்மாவின் வலது தோளில் தசைநார் கிழிந்து, தைத்திருந்தார்கள். மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் நாள் முழுக்கத் தூக்கக் கூடாது. மறுபடி கிழிந்தால் காட்டு வேலையை மறந்துவிட வேண்டியதுதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஈல்வா அதைக் கேட்டாள். அம்மாவின் முகம் வெளுத்ததையும் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லாதே, கண்ணு. 'ஐயோ பாவம்'னு யாராவது சொன்னா என்னால தாங்க முடியாது."

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பரவாயில்லை என்பார்கள். கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்தாலும் அதே பதில்தான்.

அம்மா ஒரு ரம்பத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சங்கிலி சுற்றி ஓடும் தகடு நீளம், ஆரஞ்சு நிறம். பெட்டியில் 4.1 கிலோ என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஐந்துக்குள் வந்துவிட்டது என்று அம்மாவின் கண்ணில் ஒரு வெளிச்சம். பணம் கட்டும் வரிசைக்கு எண் சீட்டு எடுத்துக்கொண்டு நின்றாள்.

சும்மா நின்ற ஈல்வா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். அடிப்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'தகடு, சங்கிலி, பெட்ரோல், எண்ணெய் நீங்கலாக.'

இவை எல்லாம் நீங்கிய ரம்பத்தை வைத்து யார் மரம் வெட்டுவார்கள்? அப்போதுதான் அவள் ஓட ஆரம்பித்தாள்.

திரும்பி வந்தபோது நாற்பத்தாறைக் கூப்பிட்டார்கள்.

இப்போது இன்னொரு சிக்கல். அம்மாவைச் சுற்றி வேட்டைக் குழு ஆட்கள் ஆறு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் குழுத் தலைவர் ராக்னர். குரலும் பெரிது, வயிறும் பெரிது. மேசையில் இருந்த மூன்று ரம்பங்களில் ஆகச் சின்னதைக் காட்டி அவர் கேலி பேசிக்கொண்டிருந்தார். ரோஜாச் செடிக்கு முடிவெட்டத்தான் அது லாயக்கு என்று அவர் சொல்ல, மற்றவர்கள் காப்பி சிந்தச் சிரித்தார்கள்.

இவர்கள் முன்னால், 'அம்மா, உன் தோளுக்கு அது ஆகாது' என்று எப்படிச் சொல்வது?

ஈல்வா மூச்சு வாங்க நின்றாள். கையில் தராசு ஆடியது. அதைப் பார்த்தபோது அவளுக்கு கிறிஸ்துமஸ் சந்தை ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பெரிய பன்றித் தொடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். எடையைச் சரியாகச் சொன்னவருக்குத் தொடையே பரிசு. பேசவே காசு கேட்கிற எங்கள் ஊர் ஆட்கள்கூட அந்த இடத்தில் முண்டியடிப்பார்கள்.

நேராக விற்பனையாளர் லீனுஸிடம் போனாள். "எடை சொல்ற போட்டி வைக்கலாமா? மூணு ரம்பம். ஜெயிக்கிறவங்களுக்கு ஒரு சாஸேஜ்."

லீனுஸ் தலையைச் சொறிந்தான். "எதுக்கு? பெட்டியிலேயே எடை போட்டிருக்கே."

"அதான் சொல்றேன். ரொம்ப ஈஸி."

ஈஸி என்றதும் ஆறு பேரும் மேசையை நெருங்கிவிட்டார்கள். அம்மா புருவத்தைத் தூக்கி மகளைப் பார்த்தாள். ஈல்வா பார்க்காதது போல இருந்தாள்.

மேசையில் இருந்தவை சோதனைக்கு வைத்தவை. பெட்ரோலும் எண்ணெயும் நிரப்பி, சங்கிலி மாட்டி, வேலைக்குத் தயாராக இருந்தன. லீனுஸ் சங்கிலிக்கு உறையைப் போட்டான். முதலில் ஆரஞ்சு ரம்பம். ஒருவர் நாலே கால் என்றார். ஒருவர் நாலரை. பெட்டியை எட்டிப் பார்த்தவர் நாலு புள்ளி ஒன்று என்று சொல்லிவிட்டு, அப்போதே சாஸேஜ் பக்கம் திரும்பினார். அம்மாவும் நாலு புள்ளி ஒன்று என்றாள்.

லீனுஸ் ரம்பத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கினான். முள் நாலைத் தாண்டியது. ஐந்தைத் தாண்டியது. ஐந்து கிலோ எண்ணூறில் நின்றது.

அம்மா தன் சீட்டை மெதுவாக மடித்தாள்.

"தராசு கெட்டுப்போச்சு," என்றார் ஒருவர்.

ஈல்வா ஒரு லிட்டர் பால் பெட்டியைப் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டிக் காட்டினாள். காப்பி மேசையிலிருந்து எடுத்த, பிரிக்காத பெட்டி. முள் ஒன்றைச் சற்றே தாண்டி நின்றது. தராசின் மேல் குற்றம் சொல்ல வழியில்லை.

பிறகு பெட்டியின் அடிப்பக்க வரியை அவள் சத்தமாகப் படித்தாள். லீனுஸுக்குக் காது சிவந்தது. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் போடுகிறது என்று முணுமுணுத்தான்.

அடுத்தது பேட்டரி ரம்பம். பெட்டியில் 2.9. இந்த முறை எல்லோரும் உஷாராகி மூன்றரை, நாலு என்றார்கள். வந்தது ஐந்து கிலோ இருநூறு. பேட்டரியையும் கணக்கில் விட்டிருந்தார்கள்.

"இனிமே எங்க வீட்டு எடை மெஷின்ல நான் ஏறும்போதும் தலை, கை, கால் நீங்கலாகன்னு போட்டுக்கிறேன்," என்றார் ராக்னர். சிரிப்பு அடங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

கடைசியில் அந்தச் சின்ன ரம்பம். ராக்னர் அதைத் தொடக்கூட இல்லை. "ரெண்டு கிலோ. என் நாயே வாயில கவ்விட்டுப் போகும்," என்று முடித்துவிட்டார். இவ்வளவு வருஷம் காட்டில் இருப்பவர் இப்படியா உளறுவார் என்று ஈல்வாவுக்கே வெட்கமாக இருந்தது. முள் நாலு கிலோ நானூறில் நின்றது. நாலு கிலோ முந்நூறு என்று சொன்ன அம்மாதான் ஜெயித்தாள்.

"நாற்பத்தேழு!"

அம்மா குரல் வந்த பக்கம் திரும்பவே இல்லை. சின்ன ரம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனூண்டு தகடு. போதுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"கிளையைத்தானேம்மா வெட்டப் போறோம்? நம்ம மரத்துல இருக்கிறதிலேயே தடிச்ச கிளை என் மணிக்கட்டு அளவுதான்," என்றாள் ஈல்வா.

"அதானே, சும்மா ஓட்டித்தான் பாரேன், மாலின். நாங்களும் ஓசியில கொஞ்சம் சிரிச்சுக்கிறோம்." என்றார் ராக்னர்.

அம்மா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். தடுப்புக் கயிற்றுக்கு வெளியே எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ரம்பம் உறுமியது. அம்மா அதை மரத்தின் மேல் சாய்த்து, தூக்காமல் நகர்த்திக்கொண்டே போனாள். நகர்த்த முடியாத இடத்தில் மட்டும் லேசாகத் தூக்கி அடுத்த பக்கம் வைத்தாள். கிளைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நுனி வரை போய்த் திரும்பியபோது மரம் வழவழவென்று கிடந்தது. தகடு குட்டை என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் குனிய வேண்டியிருந்தது. ஆனால் அம்மா தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. தோளைத் தைத்த பிறகு முதல்முறையாக, ஒரு வேலை முடிந்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை.

வேட்டைக் குழுவில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் அந்தச் சின்ன ரம்பத்தின் விலையை விசாரித்தார்கள்.

அம்மா புதுச் சீட்டு எடுத்தாள். ஐம்பத்து மூன்று. போகும்போது மகளின் குல்லாவைக் கண் மறைய இழுத்துவிட்டாள். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வாள்.

அம்மா ஜெயித்த சாஸேஜைத் தின்றுகொண்டே ஈல்வா தராசைத் திரும்ப வைக்கக் காருக்குப் போனாள். பக்கத்துக் காரில் ராக்னர் சாய்ந்து நின்றிருந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பெரிய குரல் எங்கோ போய், ரகசியம் பேசுகிறவர் போலக் கேட்டார்.

"எந்தத் தோள்? வலதா?"

ஈல்வா தின்பதை நிறுத்தினாள். "உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. உங்க அம்மா காப்பிக் கோப்பையை இடது கையில பிடிச்சிருந்தா. நானும் அப்படித்தான் பிடிச்சேன், ஆறு மாசம்."

அவர் காரின் பின்கதவைத் திறந்து ஒரு பழைய கம்பளியை விலக்கினார். உள்ளே அதே சின்ன ரம்பம் இருந்தது. கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாகி, தகடு முழுக்க மரப்பிசின் ஒட்டியிருந்தது.

"ரெண்டு வருஷமா இதுதான்," என்றார். "ரோட்டுலேர்ந்து தெரியாத பக்கத்துல மட்டும் ஓட்டுவேன். டேங்க்ல பாதிதான் பெட்ரோல் ஊத்தணும்னு அம்மாகிட்ட சொல்லு. நாலு கிலோ முந்நூறுக்குக் கீழே வந்துடும்."