ஜெர்மனில் ஒரு மீன் ஏலம்

"ஆஹ்ட்... ஆஹ்ட்... எட்டுக்கு மேல யாரு?"

"நொய்ன்! ஒன்பது!"

வெளியே கொட்டும் மழையையும் மீறி ஒலித்தது நர்மதாவின் ஜெர்மன் வகுப்பு. ராயபுரத்தில், மருந்துக்கடையின் மேல்மாடி. வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்காகக் காத்திருக்கும் நர்சுகள்தான் மாணவிகள். புத்தகத்தை நீட்டினால் வாயே திறக்க மாட்டார்கள். அவர்களைக் குழுக்களாகப் பிரித்து, கூடை நிறையக் காகித மீன்களைப் போட்டு ஏலம் விட்டாள் நர்மதா. இப்போது வாயை மூட ஆளில்லை!

கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த ஓர் இளைஞன்.

"இன்னா சண்டை இங்க? யார யாரு அடிக்கறது?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தக் கண்கள்... கோபமாக வந்து வெட்கத்தில் கரைந்துபோன கண்கள்! பின்வாங்கியவன் ஈரக்காலில் வழுக்கி, பிடிமானத்துக்குக் கூடையில் கை வைத்தான்.

"போச்சு! கூடையில கை வெச்சா ஏலம் முடிஞ்சுது. பேச்சு மாறக் கூடாது," என்றாள் நர்மதா குறும்பாக.

"அய்யய்யோ... மழைக்கு ஒதுங்குனதுக்கு மீனு வாங்கணுமா?"

அவன் பெயர் சித்தார்த். வியாசர்பாடிக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மழை விடும்வரை ஒரு குழுவில் உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாக ஏலம் கேட்டான். நர்மதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிளம்பும்போதுதான் கேட்டான்.

"டீச்சர், நீங்க காசிமேடா? அங்க ஒரு அம்மா அச்சு அசல் இதே ராகத்துலதான் மீனு ஏலம் வுடுவாங்க..."

நர்மதாவுக்குச் சுருக்கென்றது. அந்த அம்மா குப்பம்மா, அவளைப் பெற்றவள். முன்பு வேலை பார்த்த இடத்தில் 'மீன்வாடை' என்று மூக்கைப் பிடித்தார்கள். அதனால் இங்கே அம்மாவைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"மழை விட்டுடுச்சு. கிளம்புங்க."

அவன் முகம் வாடிவிட்டது. "கேக்க கெத்தா இருந்துச்சு டீச்சர்... அதான் சொன்னேன்." படியிறங்கிப் போய்விட்டான்.

வீடு போய்ச் சேரும்வரை மனம் ஆறவில்லை. அவன் என்ன தப்பாகச் சொன்னான்? அம்மாவின் ராகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவை ஒளித்து வைத்தவள் நான்தானே... மறுபடி அவன் வருவானா?

அடுத்த வகுப்பில், நர்மதா கூப்பிட்டதால், குப்பம்மாவே வந்து நின்றாள்.

"இவங்க எங்க அம்மா. காசிமேட்டுல ஏலம் விடுறவங்க. இந்த விளையாட்டே இவங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு," என்றாள் நர்மதா, தலை நிமிர்ந்து. குப்பம்மா தமிழில் ஏலம் விட, நர்சுகள் ஜெர்மனில் கேட்க... கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

அம்மா ஆட்டோ பிடிக்கப் போனாள். கூடையோடு நர்மதா இறங்கினால்... படியில் சித்தார்த்!

"மழையே இல்ல. இன்னாத்துக்கு வந்துகினு கீறீங்க?"

டீச்சரின் வாயில் அந்தப் பேச்சைக் கேட்டு அவன் கண்கள் மலர்ந்தன. "மன்னிப்பு கேக்கலாம்னு..."

"நான்தான் கேக்கணும்." கூடையைப் படியில் வைத்தாள். கையை நேராகக் கூடைக்குள் வைத்தாள். "எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. இதோ, கை வெச்சுட்டேன்... இனிமே பேச்சு மாற மாட்டேன்."

சித்தார்த் மெல்லச் சிரித்தான்.

"நான் அன்னிக்கே வெச்சுட்டேனே டீச்சர்..."