சைடு டிரம்மின் வயது

லிவரை இறக்கிவிட்டால் சைடு டிரம்மின் அடியில் கிடக்கும் கம்பிகள் தோலை விட்டு விலகிவிடும். அதன்பின் பக்கத்தில் யார் பேசினாலும், வாசலில் லாரி போனாலும், டிரம் கூடச் சேர்ந்து இரையாது. டிரம் அடித்தவரின் மகனான பெனடிக்டுக்கு இது தெரியும். லிவரை அவரே இறக்கியிருந்தார். ஆனாலும் சாயங்காலம் நாலரை மணிக்கு, தம்பி ஆசீரிடம் போனில், "அது பேண்ட் செட்டு டிரம்தான்டா" என்று அவர் சொன்ன நொடியில், மேஜை மேலிருந்த டிரம் ஒருமுறை மெல்ல இரைந்து அடங்கியது.

"என்னண்ணே சத்தம்?"

"மிக்ஸி."

"அதோட போல்ட்டு மரையைப் பாத்துட்டுச் சொல்லு. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல முப்பத்தஞ்சு வருசம் மரைதானே வெட்டுன? ஞாயித்துக்கிழமை அப்பா கல்லறையில கல்லு வைக்கிறேன். திருடன் மவன்னு என்னைக் கூப்பிட்டவனுங்க அத்தனை பேரும் வருவானுங்க. டிரம் யாரோடதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. போதும்."

நாற்பது வருடத்துக்கு முன் அப்பா அற்புதசாமி, ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டிடம் அந்த டிரம்மை வாங்கியதாகச் சொன்னார். அப்பா அடித்துவந்த செட்டின் பேண்ட் மாஸ்டரோ, தான் புதிதாக வாங்கிய ஆறு டிரம்களில் ஒன்றை அற்புதசாமி வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார் என்றார். எல்லோரும் பெரிய மகனைக் கேட்டார்கள். இருபத்திரண்டு வயது பெனடிக்ட், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், பேண்ட் செட்டு டிரம்தான் என்றார். மூன்றாம் மாதம் மாஸ்டர் தன் மகள் ரோசரியை அவருக்குக் கட்டிக்கொடுத்தார். டிரம் மாஸ்டர் வீட்டுக்குப் போனது. அப்பாவை அதன்பின் எந்த செட்டிலும் சேர்க்கவில்லை. இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

மாஸ்டர் போன மாதம் இறந்தார். அவர் வீட்டுப் பரணிலிருந்து டிரம்மை ரோசரிதான் ஆட்டோவில் கொண்டுவந்தாள்.

பெனடிக்ட் நோட்டை விரித்து, ஒன்று முதல் பத்து வரை எண் போட்டார். பழைய தோலின் புளித்த வாடையும் பச்சை பிடித்த பித்தளையின் வாடையும் மூக்கில் ஏற, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, மரை அளக்கும் கேஜின் பற்களை அதில் பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கீற்று வெளிச்சம்கூட ஊடே வரவில்லை. பழைய அங்குல மரை. இரண்டாவதும் அதுவே. பத்தும் அதுவே. மாஸ்டர் வாங்கிய ஆறும் மில்லிமீட்டர் மரை. அவற்றில் உடைந்த போல்ட்டுகளுக்கு மாற்று வெட்டிக் கொடுத்தவரே பெனடிக்ட்தான். இது அந்த ஆறுக்கும் முப்பது வருடம் மூத்தது.

ரோசரி வாசற்படியில் நின்றாள்.

"என்னங்க எழுதுனீங்க?"

"மரையை."

"எங்கப்பா செத்து நாப்பது நாள் ஆகல. அவரு பொய் சொன்னாருன்னு கல்லுல வெட்டப்போறீங்களா?"

"நான் சொன்னதும் பொய்தானே."

"அப்ப நான் என்ன, அதுக்குக் கிடைச்ச கூலியா?"

நாற்பது வருடமாக வீட்டில் இருவரும் சுற்றிப்போய்க் கடந்த இடம் அது.

"சரி விடு. பேண்ட் செட்டு டிரம்தான்னே எழுதிடறேன்."

இரைந்தது. இந்த முறை நீளமாக; ஈக்கூட்டம் ஒன்று பித்தளைக்குள் எழுந்து உட்கார்ந்ததுபோல.

"லிவரு போட்டிருக்கீங்களா?"

"இல்லை."

அவர் அடிக்கம்பிகளைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்து, அவற்றை உருவி, செய்தித்தாளில் வைத்தார். மடக்கி, மேலே சுத்தியலையும் வைத்தார். பிறகு அந்த வரியை நோட்டில் எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கப்படி மறுபடி சொன்னார்.

இரைந்தது.

அடித்தோலைக் கழற்றினார். மேல்தோலையும். வெறும் பித்தளை வளையம். அதன் வழியே எதிர்ச்சுவரின் காரை தெரிந்தது. வெளியே, வேலை முடிந்து பொன்மலைச் சைக்கிள்கள் போகும் ஓசை. அடுப்பில் பால் தீயும் நாற்றம். ரோசரி நகரவில்லை.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.

சொன்னார்.

இரைச்சல் மேஜையிலிருந்து வரவில்லை.

ரோசரி தலையைச் சாய்த்தாள். அவள் கண்கள் வளையத்தை விட்டன. செய்தித்தாளை விட்டன. அவர் மேல் வந்து நின்றன. பக்கத்தில் வந்து, சட்டைக்கு மேலாக அவர் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"உள்ள," என்றாள். "கம்பி கம்பியா."

"ரோசரி..."

"ஆசீருக்குப் போனைப் போடுங்க. உண்மையைச் சொல்லிடுங்க. எங்கப்பாவைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க."

எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே தம்பி எடுத்தான்.

"சொல்லுண்ணே. மரை என்ன சொல்லுது?"

அப்பாவோட டிரம். இரண்டே சொல். வாயைத் திறந்தார். மூச்சு வந்தது. குரல் வரவில்லை. அந்த இரைச்சல் மட்டும் வந்தது.

"அண்ணே?"

இரைச்சல்.

"இன்னும் மிக்ஸிதானா? சரி. அப்பவும் இப்படித்தான், உண்மை உன் வாயில வரல. நீ நல்லா இருண்ணே."

போன் அணைந்தது.

பெனடிக்ட் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். ரோசரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் நெஞ்சுத் தோல் மேளம்போல் இறுகியிருந்தது. சுருக்கமில்லை. எலும்பின் மேடுகூட இல்லை. யாரும் தொடாமலே நடுவில் ஓரிடம் குழிந்தது. அப்பாவின் டிரம் குச்சி முனை அளவு. எழுந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

இடது. வலது. இடது. வலது.