கம்பி வலைக்கு இந்தப் பக்கம்

முதல் சிக்னலில் பிரேக்கை மெதுவாகத்தான் அழுத்தினாள். பின்னால், காலி டிக்கிக்குள், கனமான எதுவோ ஒரு சாண் தூரம் வழுக்கி வந்து நின்றது.

"தம்பி, பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம், அவ்வளவு இடம்!" பழைய கார் விற்பவன் இறங்கிப் போய்த் திறந்து காட்டினான். துடைத்து வைத்த ரப்பர் விரிப்பு, அதன்மேல் வெயில். ஆனால் அவளுடைய தையல் கடையில் மட்டும் அடிக்கும் மெஷின் எண்ணெய் வாடை, மூடியிருந்த கண்ணாடிகளுக்குள் எங்கிருந்தோ கசிந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் மகள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய வண்டியைக் கணவன் இருந்தவரை அவன்தான் ஓட்டுவான். அன்று சீட்டை மடக்கி, ரிப்பேருக்குப் போகும் இரும்புத் தையல் மெஷினை ஏற்றிவிட்டுக் கயிறு தேடினான். "பத்து நிமிஷ வழிக்கு எதுக்குக் கயிறு? நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பி, ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். கை மரத்துப் போனது. உதறிக்கொள்ள ஒரு கணம் விட்டாள். அவன் பிரேக் போட்டது அந்தக் கணத்தில். மெஷின் அவன் பிடரியில் வந்து மோதியது.

விட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று பள்ளியில் இருந்த மகளிடமும்.

வண்டி இல்லாமல் கடை ஓடாது. துணிக்கட்டுகளையும் மகளையும் ஒன்றாகத்தான் ஏற்றியாக வேண்டும்.

இரண்டாவது காரிலும் அதே சத்தம். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, இன்னும் ஒரு சாண் முன்னால். கார் மாறியது அதற்குத் தெரியவில்லை.

மூன்றாவதில் பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே, தரையிலிருந்து கூரை வரை கம்பி வலை. "முன்னாடி வெச்சிருந்தவர் ரெண்டு நாய் வளர்த்தாருக்கா. யானை மோதினாலும் தாங்கும்." அவள் இரண்டு கையாலும் வலையைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. ஓட்டிப் பார்த்தபோது சத்தம் வழுக்கி வந்து, வலையில் டங்கென்று இடித்து, அங்கேயே நின்றது.

"இதுவே இருக்கட்டும்" என்றாள்.

அன்று மாலையே அதில் மகளோடு வீட்டுக்குப் புறப்பட்டாள். மேம்பாலத்தின் உச்சி தாண்டிச் சரிவு தொடங்கியது. முன்னே ஒரு லாரி வேகம் குறைத்தது. பிரேக்.

சத்தம் வரவில்லை.

மூச்சு விட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு, முழுதாக ஒரு மூச்சு.

"அம்மா, பக்கத்துல சீட்டு அமுங்குது."

கண்ணாடியில் பார்த்தாள். வலை நேராக இருந்தது. ஒரு கம்பிகூட வளையவில்லை. மகளுக்குப் பக்கத்தில், தன் முதுகுக்கு நேர் பின்னால், சீட்டில் நீள்சதுரமாக ஒரு பள்ளம். தையல் விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் வாடை.

கீழே, சரிவு முடியும் வரை, வண்டிகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கால் பிரேக்கின் மேல். அழுத்தவில்லை. பிடரியில் இரும்பின் குளிர்ச்சி.

"பயப்படாதம்மா. நான் பிடிச்சுக்கிறேன்" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

கண்ணாடிக்குள் மகள், வெறும் காற்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். கைகள் ஒன்றையொன்று எட்டவில்லை. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.